ரெமிஹியா அர்ரோயோவின் எர்ரே

புவேர்ட்டோ ரிக்கோ தீவின் செர்ரோ ரொன்கோ மலையில் யாராவது இறந்துபோனால் அதை வீடு வீடாகக் கேட்கும்படி சொல்வது ரெமிஹியா அர்ரோயோவின் வேலை. வண்டியை என் அப்பா அன்செல்மோ ஓட்டுவார். கூரையில் இரண்டு ஒலிபெருக்கிகள் கட்டிய பழைய பச்சை வண்டி அது. ரெமிஹியா முன் இருக்கையில் மைக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். முகட்டின் மேல் போகும் ஒற்றைச் சாலையில் வண்டி ஆள் நடக்கும் வேகத்தில் ஊர்ந்துபோகும். இரண்டு பக்கமும் பள்ளத்தாக்கு. காப்பிச் செடிகளுக்கும் வாழைகளுக்கும் நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக வீடுகள். பாதி வீடுகள் சாலையில் இருந்து கண்ணுக்கே தெரியாது.

அறிவிப்பு எப்போதும் ஒரே மாதிரிதான் தொடங்கும். ‘ரொகாத் அ தியோஸ்’, கடவுளிடம் வேண்டிக்கொள்ளுங்கள். அதன் பிறகு இறந்தவரின் முழுப்பெயர், ஊர் கூப்பிடும் பெயர், யாருடைய பிள்ளை, உடல் எந்த வீட்டில் இருக்கிறது, அடக்கம் எப்போது. பள்ளத்தாக்குக் காற்றில் சொற்கள் உடைந்து உடைந்துதான் போய்ச் சேரும். முதலில் போய்ச் சேர்வது குரல். அதிலும் அந்த முதல் எழுத்து.

எங்கள் ஸ்பானிஷில் சொல்லின் தொடக்கத்திலும், இரட்டித்து நடுவிலும் வரும் வலுத்த ரகரத்துக்கு எர்ரே என்று பெயர். நாக்கின் நுனியை மேலண்ணத்தில் அதிரவிட்டு அதைச் சொல்ல வேண்டும் என்பது பள்ளிக்கூடத்துப் பாடம். மலையில் நாங்கள் அப்படிச் சொல்வதில்லை. எங்களுக்கு அது தொண்டையின் அடியில் உரசிக்கொண்டு வரும், ஏறக்குறைய ‘ஹ’ போல. எர்ரேயை இழுக்கிறவர்கள் என்று தலைநகர் சான் ஹுவானில் எங்களைச் சொல்வார்கள். ரெமிஹியா இழுத்ததுபோல் யாரும் இழுத்து நான் கேட்டதில்லை. ‘ஹொகாத்’ என்று அந்த உரசல் ஒலிபெருக்கியில் எழுந்ததும் எதிர்ச் சரிவில் ரேடியோவை அணைப்பார்கள். தோட்டத்தில் இருப்பவர்கள் தொப்பியைக் கழற்றுவார்கள். பெண்கள் கையைத் துடைத்தபடி வாசலுக்கு வருவார்கள். எல்லாரும் அமைதியான பிறகுதான் பெயர் வரும். நம் ஆட்களில் ஒருவர் போய்விட்டார் என்பது பெயருக்கு முன்பே தெரிந்துவிடும்.

வண்டி அப்பாவுடையது. ஆனால் மைக்கைக் கையில் எடுத்தால் அவருக்கு இருமல் வந்துவிடும். ரெமிஹியாவின் கணவர் லாரி விபத்தில் இறந்தபோது அப்பா அறிவிக்கப் போய், பெயரைச் சொல்லமுடியாமல் இருமிக்கொண்டே இருந்திருக்கிறார். பின்னால் நடந்துவந்த ரெமிஹியா வண்டிக்குள் ஏறி மைக்கை வாங்கித் தன் கணவரின் பெயரைத் தானே சொன்னார். அன்று தொடங்கியது. காலையில் பள்ளிச் சமையலறையில் வேலை, சாவு விழுந்த நாளில் வண்டி. எனக்குத் திருமுழுக்கு கொடுத்தபோது ஞானத்தாயாக நின்றவரும் அவர்தான். அதனால் அப்பா அவரைக் கொமாய் என்பார், அவர் அப்பாவைக் கொம்பாய் என்பார். எத்தனை நெருங்கிப் பழகினாலும் அந்த உறவில் ‘நீங்க’தான்.

ரெமிஹியாவுக்கு ஒரே மகள், புருனில்டா. ரியோ பியெத்ராஸ் பல்கலைக்கழகத்தில் படித்து, சான் ஹுவானில் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பாளராக இருந்தாள். முதல் வருடம் விடுதியில் மற்ற பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, நாய் என்று சொல்லு, வண்டி என்று சொல்லு, அரிசி என்று சொல்லு என்று கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். ஸ்பானிஷில் எல்லாமே எர்ரே வரும் சொற்கள். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்தபோது அவள் நாக்கு மாறியிருந்தது. அதைப் பற்றி ஒரே ஒரு முறைதான் என்னிடம் பேசினாள். ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் பாடம் நடத்தும் பள்ளியில் படித்தவள் நான். ஒரு வகுப்பு முடிந்து அடுத்த வகுப்புக்குள் போகும்போது வாயை மாற்றிக்கொள்வது எனக்குப் பழக்கம். புருனில்டாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தேர்தல் நடந்த வருடத்தில் அவளுக்குத் திருமணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வீடு தலைநகரத்தில். நிச்சய விருந்துக்கு ரெமிஹியாவையும் எங்களையும் அழைத்திருந்தார்கள். ரெமிஹியா கை கொடுத்துத் தன் பெயரைச் சொன்னார். அந்தப் பெயரில் முதலிலும் எர்ரே, நடுவிலும் எர்ரே. கூடத்தில் இருந்த இளைஞர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் சன்னலுக்குத் திரும்பிக்கொண்டு தொண்டையைச் செருமுவதுபோல் அதைத் திரும்பச் சொன்னான். மாப்பிள்ளையின் அம்மா கண்ணால் அவனை அடக்கிவிட்டு, “நம்ம புவேல்ட்டோ ரிக்கோவுலயே மலைதான் அழகு, தோன்யா” என்று மரியாதை போட்டுச் சொன்னார். புவேர்ட்டோ என்பதில் வரும் மெல்லிய ரகரம் அவர் வாயில் லகரமாகத்தான் வந்தது. தீவில் ஏறக்குறைய எல்லாருக்கும் அப்படித்தான் வரும். அதற்கு யாரும் சிரிப்பதில்லை.

திரும்பி வரும் வழியில் வண்டியில் புருனில்டாவும் இருந்தாள்.

“அம்மா, கல்யாணப் பூசையில முதல் வாசகம் நீங்கதான் படிக்கணும். அவங்க வீட்டு வழக்கம் அது. பொண்ணோட அம்மா படிப்பாங்க.”

“படிச்சாப் போச்சு. செத்தவங்களுக்கே படிக்கறேன். கட்டிக்கப்போறவளுக்குப் படிக்க மாட்டேனா?”

“பைபிள்ல ரோமருக்கு எழுதின கடிதம்மா.”

“எந்த ஊருக்கு எழுதினா என்ன?”

புருனில்டா வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். “அதுல எர்ரே நிறைய வருது.”

வண்டி மலைப் பாதையில் ஏறத் தொடங்கியது. பிறகு ரெமிஹியா கேட்டார். “நீ எப்படிடி பழகினே?”

“பல்லுக்கு நடுவுல பென்சில் வச்சு. ஆனா ஒரு நாள்கூட விடக்கூடாது. பழையபடி பேசினீங்கன்னா நாக்கு மறுபடி படுத்துக்கும். கல்யாணம் வரைக்கும் யார்கிட்டயும் பழையபடி பேசாதீங்க.”

“சரி” என்றார் ரெமிஹியா. மகளுக்காக அவர் செய்யாதது எதுவும் இல்லை. இதையும் செய்தார்.

அரிசி களையும்போது, பாத்திரம் தேய்க்கும்போது, பூசைக்கு நடந்துபோகும்போது என்று அந்த வசந்தம் முழுக்க அவர் வாயில் ஏதோ அதிர்ந்துகொண்டே இருந்தது. ஆரம்பத்தில் எச்சில்தான் தெறித்தது.

“கொமாய், நம்ம வண்டிகிட்ட பாடம் கேளுங்க” என்பார் அப்பா. “காலைல ஸ்டார்ட் பண்றப்ப அது சுத்தமாச் சொல்லுது.”

“அதுக்குப் பல் இல்ல கொம்பாய், கடிச்சுக்கற பயமில்ல.”

அதிகம் கேலி செய்தது ரொசௌரா. பக்கத்துச் சரிவில் தம்பி தோலோவுடன் இருந்தவர், ரெமிஹியாவோடு சிறு வயதில் இருந்து ஒன்றாக வளர்ந்தவர். தையல்காரர். திருமணத்துக்கு ரெமிஹியா உடுத்த வேண்டிய நீல உடையை அவர்தான் தைத்துக்கொண்டிருந்தார். வாய் கொஞ்சம் நீளம். குழாய்த் தண்ணீர் விஷயமாகச் சிற்றாலயத்தில் நடந்த கூட்டத்தில் பாதி ஊரை ‘தண்ணித் திருடனுங்க’ என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தவர்.

ஒரு நாள் அளவு பார்க்கப் போன ரெமிஹியா வாசலில் நின்று புது நாக்கால் அவரைக் கூப்பிட்டார். ரொசௌரா வாயில் இருந்த குண்டூசிகளை எடுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

“யாரது? வரி கேக்க வந்திருக்கீங்களா?”

“ஏன்டி.”

“பின்ன என்ன? நெனவு தெரிஞ்ச நாள்ல இருந்து என் பேர ஒழுங்காத்தானே கூப்பிட்டே. இப்ப எனக்கே அது வேற எவளோ மாதிரி இருக்கு. ஊர்ல யார்கிட்ட வேணா அப்படிப் பேசு. என்னை மட்டும் பழையபடி கூப்பிடு.”

“ஒரு வாட்டி விட்டா நாக்கு மறந்துரும்டி. கல்யாணம் முடியட்டும், கூப்பிடறேன்.”

“கைய தூக்கு” என்றார் ரொசௌரா. அளவு நாடாவை இழுத்துச் சுற்றினார்.

திருமணத்துக்கு முந்தைய வாரம், காலையில் காப்பி வடித்துக்கொண்டிருந்த ரொசௌரா அடுப்பருகிலேயே சரிந்துவிட்டார். தோலோ எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தபோது அவர் கையில் இன்னும் காப்பி வடிக்கும் துணி இருந்தது.

ரெமிஹியா அழவில்லை. முகம் கழுவி, கறுப்பு உடையை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறினார். நான் பின் இருக்கையில் இருந்தேன். முகட்டுக்கு வந்ததும் அப்பா வேகத்தைக் குறைத்தார். ரெமிஹியா உதடுகளை ஈரப்படுத்திக்கொண்டு மைக்கை வாயருகே கொண்டுபோனார். ‘ரொகாத்’. நாக்கு நுனி மேலே பட்டு அதிர்ந்தது. அதுவரை அவ்வளவு சுத்தமாக அவர் அதைச் சொன்னதில்லை. ரொசௌராவின் பெயரும் அப்படியே வந்தது. ஒவ்வொரு எர்ரேயும் இடத்தில் உட்கார்ந்தது. ஒவ்வொன்றையும் நெருங்கும்போது அவர் லேசாகக் கண்ணை மூடிக்கொண்டார்.

அந்த வருடம் தேர்தல் வண்டிகள் தினமும் அந்தச் சாலையில் போய்க்கொண்டிருந்தன. எல்லாவற்றிலும் இப்படித்தான் ஒரு சுத்தமான குரல் எதையாவது வேண்டிக்கொண்டிருக்கும். அவை போகும்போது எங்கள் ஆட்கள் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டிவிடுவார்கள். அன்று எந்த ரேடியோவும் அணையவில்லை. ஒரு பெண் துணி காயப்போட்டுக்கொண்டே இருந்தாள். ஒருவர் வாழைக்குலையைத் தோளில் வைத்தபடி எங்களுக்கு முதுகைக் காட்டி நடந்தார். அப்பா வாசல்களைப் பார்த்தார், ரெமிஹியாவைப் பார்த்தார், திரும்பச் சாலையைப் பார்த்தார்.

துக்க வீட்டில் சிற்றாலயத்து நாற்காலிகளை முற்றம்வரை போட்டு வைத்திருந்தோம். தட்டுகளில் பிஸ்கட்டும் பாலாடைக்கட்டியும், பெரிய பானையில் சுடுசாக்லெட்டும். மதியம் ஆனது. ஜெபமாலை சொல்லும் நேரம் ஆனது. உட்கார்ந்திருந்தது நாங்களும், பக்கத்து வீட்டில் காது கேளாத ஒரு முதியவரும்தான். அவருக்குத் தோலோ நேரில் போய்ச் சொல்லியிருந்தார். சாக்லெட்டின் மேல் ஆடை படிந்துவிட்டது.

தோலோ அக்காவின் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தார். “வர மாட்டாங்க” என்றார். “தண்ணி விஷயத்துல அவ பேசின பேச்சு. யாரும் மறக்கல.”

“அப்படி இருக்காது தோலோ” என்றார் அப்பா.

“பின்ன எப்படி? மலை முழுக்கச் சொல்லியாச்சே. காது கேக்காதவர்தானே வந்திருக்காரு.” குரல் உடைந்தது. “நாளைக்குக் காலைல பெட்டிய யாரு தூக்குவா? மேட்டுக்கு வண்டி போகாது. நானும் நீங்களுமா ரெண்டு பேரு? என் அக்கா என்ன அனாதையா?”

எங்கள் மலையில் கல்லறை மேட்டுக்குப் பெட்டியைத் தோளில்தான் தூக்கிப் போக வேண்டும். அது நல்ல ஏற்றம், ஆள் மாற்றி ஆள் தோள் கொடுக்க வேண்டும். ஆள் வராமல் ஒரு பெட்டி வாசலில் கிடந்தது என்றால், அந்த வீட்டின் மேல் ஊருக்கு இருந்த கோபம் தலைமுறைக்கும் பேசப்படும்.

ரெமிஹியா எழுந்து முற்றத்துக்கு வந்தார். அப்பாவும் பின்னால் வந்தார்.

“கொம்பாய், காலைல வாசல்ல யார் யாரு நின்னா?”

“நீங்க பாக்கலயா?”

“நான் எங்க பாத்தேன்.”

“யாரும் நிக்கல கொமாய்.”

“ஏன் சொல்லல?”

அப்பா தொப்பியைக் கையில் திருப்பிக்கொண்டிருந்தார். “நீங்க அவ்ளோ நல்லாச் சொன்னீங்க. ரேடியோவுல சொல்ற மாதிரி. எப்படிச் சொல்றது?”

ரெமிஹியா எதிர்ச் சரிவைத் திரும்பிப் பார்த்தார். அங்கிருந்து பாட்டுச் சத்தம் வந்துகொண்டிருந்தது.

“நான் ரொசௌராவ நெனைக்கவே இல்ல கொம்பாய்” என்றார். “அவ பேரச் சொல்றப்பகூட. நாக்கத்தான் நெனச்சிட்டிருந்தேன்.”

வண்டியை மறுபடி எடுத்தோம். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. முகட்டில் அப்பா நிறுத்தினார். ரெமிஹியா மைக்கைத் தூக்கினார், வாயைத் திறந்தார். நாக்கு தானாக மேலே போய் அதிர்ந்தது. நிறுத்தினார். திரும்ப முயன்றார். அதே நகரத்து எர்ரே. மூன்றாம் முறை சத்தமே வரவில்லை. மைக்கை மடியில் போட்டுவிட்டுக் கையால் தொண்டையைப் பிடித்துக்கொண்டார்.

“வரலயே கொம்பாய். இதுவும் போச்சே.”

அப்பா இன்ஜினை அணைத்தார். “அறிவிக்க வேண்டாம். அவங்களத் திட்டுங்க.”

“யார?”

“ரொசௌராவத்தான். எப்பவும் திட்டுவீங்கல்ல. இப்பத் திட்டறதுக்கு என்ன? நல்லா நாலு வார்த்த கேளுங்க.”

ரெமிஹியா அவரை முறைத்தார். பிறகு முன் கண்ணாடியைப் பார்த்து மெதுவாகத் தொடங்கினார். “ஏன்டி, இப்படியா பண்ணுவே? நீலத் துணிய மிஷின்ல மாட்டினபடியே விட்டுட்டு. கை தைக்கல, கழுத்துத் தைக்கல. நான் என்னத்தக் கட்டிட்டுப் போவேன்?” குரல் ஏறியது. “கூப்பிடறேன்னுதானே சொன்னேன். கல்யாணம் முடிஞ்சதும் கூப்பிடறேன்னு சொன்னேன்ல. உனக்கு என்னைக்குப் பொறுமை இருந்துச்சு, ரொசௌரா?”

அந்தப் பெயர் தொண்டையின் அடியில் இருந்து உரசிக்கொண்டு வந்தது. அப்பா இன்ஜினைப் போட்டு, மைக்கை எடுத்து அவர் வாயருகே பிடித்தார்.

‘ஹொகாத் அ தியோஸ்.’

எதிர்ச் சரிவில் பாட்டு நின்றது. அதற்குக் கீழே இன்னொரு வீட்டில் நின்றது. பள்ளத்தாக்கில் ஒவ்வொன்றாகச் சத்தங்கள் அணைந்துகொண்டே போனதை நான் பின் இருக்கையில் இருந்து கேட்டேன். வாழைத் தோப்பில் ஒருவர் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டார். வாசல்களில் பெண்கள். ரொசௌரா என்ற பெயர் வந்ததும் ஒருத்தி சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே ஓடினாள், செருப்பு மாட்ட.

இருட்டும் முன்பே நாற்காலிகள் போதாமல் போயின. தண்ணீர் விஷயத்தில் ரொசௌராவிடம் அதிகம் வாங்கிக்கட்டிக்கொண்டவர்தான் முதலில் வந்தார். கையில் ஒரு கூடை மரவள்ளிக்கிழங்கு.

“காலைலயே செத்துட்டாளாமே. யாரும் சொல்லலயே தோலோ?”

“வண்டி போச்சே.”

“போச்சு. எலெக்‌ஷன்காரங்கன்னு நெனச்சோம்.”

ரெமிஹியா சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். “அது நான்தான்” என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி. “காலைலயும் நான்தான் சொன்னேன்.”

“சும்மா இருங்க தோன்யா. உங்க குரல் எனக்குத் தெரியாதா?”

“நான்தான்.”

மகளின் திருமணமும் பென்சிலும் எல்லாருக்கும் தெரிந்த கதைதான். கூடையைக் கையில் வைத்திருந்தவர் தரையைப் பார்த்தார். தோலோ ரெமிஹியாவையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

“அப்ப, அவ மேல கோவத்துல வராம இல்ல” என்றார்.

“இல்ல தோலோ. என்னாலதான்.”

தோலோ தலையை ஆட்டினார். பிறகு பிஸ்கட் தட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமாகப் போனார். மறுநாள் மேட்டுக்குப் பெட்டி போனபோது தோள் மாற்றிக்கொள்ள ஆட்கள் வரிசையில் காத்திருந்தார்கள்.

அன்று மாலை புருனில்டா தொலைபேசியில் கூப்பிட்டாள். ரொசௌராவுக்காக அழுதாள். பிறகு அம்மாவின் பேச்சைக் கொஞ்சநேரம் கேட்டாள்.

“அம்மா, எர்ரே பழையபடி வருது.”

“வருது.”

“இன்னும் நாள் இருக்கு. பென்சில எடுத்து வச்சு...”

“மாட்டேன்மா. படிக்கறேன், உனக்காக எதுவும் படிக்கறேன். ஆனா இப்படித்தான் படிப்பேன். வேண்டாம்னா வேற யாரையாச்சும் படிக்கச் சொல்லு. நான் கோவிச்சுக்க மாட்டேன்.”

புருனில்டா தொலைபேசியை வைத்தாள். திருமணத்தில் வாசகத்தை மாப்பிள்ளையின் அத்தை படித்தார். ரெமிஹியா வேறொரு உடையில் முதல் வரிசையில் உட்கார்ந்து, கைகளைக் கோத்துக்கொண்டு கேட்டார். விருந்தில் மாப்பிள்ளையின் அம்மா அவருக்குச் சோறு பரிமாறி, நீங்க பேசவே மாட்டேங்கறீங்களே என்றார். அரிசி நல்லா வெந்திருக்கு என்றார் ரெமிஹியா, எர்ரேயைத் தொண்டையில் இழுத்து. இரண்டு மேசைக்கு அப்பால் யாரோ சிரித்தார்கள். புருனில்டாவின் முகம் சிவந்ததைப் பார்த்தேன். அம்மாவைப் பார்த்தா, சிரித்தவர்களைப் பார்த்தா என்று எனக்குத் தெரியாது.

அதன் பிறகு பல வருடங்கள் ரெமிஹியா அந்த வண்டியில் போனார். புருனில்டா வருவது குறைந்தது, நின்றுவிடவில்லை. அம்மாவும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்து இரண்டு எர்ரேயில் பேசிக்கொள்வார்கள். அதைப் பற்றி மட்டும் பேச மாட்டார்கள்.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ரெமிஹியா தூக்கத்தில் இறந்துபோனார். விடியும்போது வந்து சேர்ந்த புருனில்டா, அம்மாவைத் தானே அறிவிப்பதாகச் சொன்னாள். அப்பா வண்டிக் கதவைத் திறந்துவிட்டார். முகட்டில் அவள் மைக்கை எடுத்துத் தொண்டையைக் கனைத்தாள். அந்த உரசலைத் தேடினாள். இரண்டு மூன்று முறை வெறும் மூச்சுதான் வந்தது.

“வரல தோன் அன்செல்மோ. எனக்கு அது வரல.”

“வர வேண்டாம் பொண்ணு. உனக்கு வர்ற மாதிரி சொல்லு. ஆளுங்கள நிறுத்தறது என் வேலை.”

அப்பா முதல் வீட்டின் முன்னால் வண்டியை நிறுத்தினார். இறங்கிப் போய்க் கதவைத் தட்டினார். வீட்டுக்காரர்கள் வெளியே வந்து, தொப்பியைக் கழற்றி நிற்கும்வரை காத்திருந்தார். பிறகு கையைக் காட்டினார். புருனில்டா தன் நாக்கில், தெளிவாக, அம்மாவின் பெயரைச் சொன்னாள். அடுத்த வீட்டுக்குப் போனோம். சாலையில் இருந்து தெரியாத வீடுகளுக்கு அப்பா ஒற்றையடிப் பாதையில் இறங்கிப் போய் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. மலையைச் சுற்றி முடிக்க அன்றைய பகல் முழுக்க ஆனது.